வெள்ளை நூல் தீர்ந்துபோன வாரம்

தலைமையாசிரியர் டாக்டர் அசரியாவுக்குப் பாரபட்சம் என்றாலே ஆகாது. அதனால்தான் விடைத்தாளில் பிள்ளைகள் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும் என்று பதினோரு வருடங்களுக்கு முன்பே உத்தரவு போட்டிருந்தார். யார் எழுதிய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியவே கூடாது. பிறகு, எந்தப் பிரிவின் கட்டு எது என்று குழப்பம் வந்துவிடக் கூடாதே என்று, ஏ பிரிவுக் கட்டுக்கு வெள்ளை நூலும் டி பிரிவுக் கட்டுக்குப் பச்சை நூலும் கட்டச் சொன்னார்.

இந்த இரண்டு உத்தரவுகளும் ஒன்றை ஒன்று முட்டுகின்றனவே என்று அந்தப் பள்ளியில் யாருக்கும் தோன்றவில்லை. கணக்கு வாத்தியார் ஜெபராஜுக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஒன்பதாம் வகுப்பில் அந்த இரண்டு கட்டுகளையும் திருத்துகிறவர் அவர்தான்.

பள்ளி சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது. வாசலில் அசரியாவின் படம் போட்ட பெரிய பலகை. டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால், "ஃபாரின்" என்று பொதுவாக ஒரு கண்டத்தையே சுட்டிக்காட்டுவார். அவருடைய பெருமைக்குரிய கண்டுபிடிப்பு 'விஞ்ஞானப் பகுப்பு'. புதிதாகச் சேரும் பிள்ளையை எந்தப் பிரிவில் போடுவது என்பதைச் சேர்க்கைப் படிவமே சொல்லிவிடும். தாய்மொழி என்ற இடத்தில் பள்ளிக்குப் பழக்கமில்லாத மொழி ஏதாவது இருந்தால், 'மொழி ஆதரவு தேவை' என்று முத்திரை விழும், பிள்ளை டி பிரிவுக்குப் போகும். ரயில்வே அதிகாரியின் வங்காளி மகளுக்கு மட்டும் அதே இடத்தில் 'பன்மொழித் திறன்' என்று எழுதி ஏ பிரிவில் போட்டார்கள். விஞ்ஞானத்தில் இதெல்லாம் சகஜம்.

மற்றபடி டி பிரிவில் பம்மல் பட்டறைகளுக்கு வேலைக்கு வந்த பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள், ஒடிசாத் தச்சர் ஒருவரின் மகன், வண்டலூர்ப் பக்கத்து இருளர் பெண்பிள்ளைகள் இருவர், கூடவே கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு முழுப் புத்தகம் கிடையாது. 'மெல்லக் கற்போர் கையேடு' என்று நாற்பது பக்கத்தில் ஒன்று உண்டு. முக்கோணவியல், புள்ளியியல், கன அளவு மூன்றும் அதில் இல்லை. ஆனால் ஆண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுதான். அதில் எழுபத்தைந்து எடுத்தால் டி-யிலிருந்து ஏ-வுக்கு வரலாம் என்று விதியும் உண்டு. பதினோரு வருடத்தில் ஒருவரும் வந்ததில்லை.

"பாத்தீங்களா, எவ்ளோ கரெக்டா பிரிச்சிருக்கோம்!" என்பார் அசரியா.

அந்த டி பிரிவில்தான் அஸ்மிதா தாமாங் இருந்தாள். அப்பா பிரேம் தாமாங், சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. பதினெட்டு வருடத்துக்கு முன் நேபாளத்திலிருந்து வந்தவர். மகள் பிறந்தது குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில், வளர்ந்தது ஏரிக்கரையில். அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் மொழி ஆதரவு அவளுக்குத் தேவையா, ஆசிரியர்களுக்குத் தேவையா என்று சந்தேகம் வரும். ஆனால் படிவத்தில் 'நேபாளி' என்று இருந்தது. படிவம் பொய் சொல்லாது.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பள்ளி அவளைத் தேடி வரும். கலாசார நாளன்று தலையில் தொப்பி மாட்டி, 'வடகிழக்கு மாநிலங்கள்' என்ற அட்டையைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்துவார்கள்.

"சார், நேபாளம் வேற நாடு சார்," என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிப் பார்த்தாள்.

"கிட்டத்தட்ட அதே சைடுதானேம்மா. சிரி," என்றார் அசரியா.

ஆண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் படிக்கட்டில் அவள் ஜெபராஜை மறித்துக்கொண்டாள்.

"சார், ஒரு டவுட்டு. டென்த்துலயும் எனக்கு இந்தக் கையேடுதானா சார்?"

"ஏன், அதுக்கென்ன?"

"அத வெச்சு எழுதினா அறுவதத் தாண்டாது சார். அறுவதுக்கு லெவன்த்துல சயின்ஸ் குரூப் தர மாட்டாங்கோ. இந்த வாட்டி ஏ செக்ஷன் வரலன்னா அவ்ளோதான் சார், என் கதை முடிஞ்சுது."

"எழுபத்தஞ்சு எடு. போடறோம்."

"எடுத்தா போடுவீங்கல்ல?"

"எடுத்தாதானேம்மா," என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் இறங்கிப் போனார். அவருக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கெட்டிக்காரப் பேச்சு, ஆனால் டி பிரிவு, என்று நினைத்துக்கொண்டார். அந்த 'ஆனால்' எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. தாம்பரம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஜெபராஜ் நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார், காணிக்கைப் பை வரும்போது கண்ணை மூடிக்கொள்ள மாட்டார். திருத்துவதிலும் தான் துலாக்கோல் என்றுதான் நம்பினார். வெள்ளை நூலை அவிழ்த்தால் அவர் கண்ணுக்கு ஈரம் வரும். விடை தவறாக இருந்தால், பிள்ளை எந்த வரியில் சறுக்கியது என்று விரல் வைத்துத் தேடுவார். பாவம், அவசரத்தில் கூட்டல் விட்டிருக்கும் என்று ஐந்துக்கு நாலு போடுவார். பச்சை நூலை அவிழ்த்தால் அதே கண் போலீஸ் கண்ணாகிவிடும். விடை சரியாக இருந்தாலும் "படி எங்கே?" என்று இரண்டைக் கழிப்பார். இப்படி நடக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் மனம் நொந்துபோயிருப்பார்.

அந்த வாரம் வெள்ளைக் கட்டைத் திருத்தியபோது ஒரு தாள் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. எண் 9041. முக்கோணவியல் முழுக்கச் சரி. ஒவ்வொரு கணக்கின் அடியிலும் விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டுப் பார்த்து, சின்னக் கட்டம் கட்டி, அதற்குள் ஒரு டிக்.

"நம்ம நிகில்!" என்று வாய்விட்டே சொன்னார். அந்தக் கட்டம் ஏ பிரிவு நிகிலின் வீட்டுப்பாட நோட்டில் வருடம் முழுக்க அவர் பார்த்துப் பழகியது. 'மிக நன்று' என்று எத்தனை முறை எழுதியிருப்பார்! நிகிலின் அப்பா சூர்யநாராயணன் பெற்றோர்-ஆசிரியர் கழகத் தலைவர். ஜெபராஜ் மகிழ்ச்சியோடு தொண்ணூற்றொன்று போட்டார். பச்சைக் கட்டை அன்று மாலையே முக்கால் மணி நேரத்தில் முடித்தார்.

புதன்கிழமை காலை அசரியா கூப்பிட்டனுப்பினார். அறையில் அலுவலக உதவியாளர் ஜான்சி கணினியின் முன்னால் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்டர் ஜெபராஜ், வாட் இஸ் திஸ்? ஏ ஆவரேஜ் எப்பவும் செவன்டி எய்ட். இப்ப ஃபிஃப்டி த்ரீ. டி எப்பவும் தர்ட்டி த்ரீ. இப்ப ஃபிஃப்டி சிக்ஸ்! ஏ-வை டி தாண்டிடுச்சு! பதினோரு வருஷ ரிசர்ச் என்ன ஆகறது?"

ஜெபராஜ் திரையைப் பார்த்தார். 9041 டி பிரிவுப் பட்டியலில் இருந்தது. பக்கத்தில் பெயர்: அஸ்மிதா தாமாங். நிகிலின் பெயர் ஏ பட்டியலில் முப்பத்தாறு மதிப்பெண்ணோடு இருந்தது.

"நான் வெள்ளைக் கட்டுலதானே இந்தத் தாளைப் பாத்தேன்?"

ஜான்சி பெருமூச்சு விட்டாள். "அதான் சார் சொல்ல வர்றேன். வெள்ளை நூல்கண்டு தீந்துபூச்சு சார். டி கட்டு சின்னது, மிச்சம் இருந்த வெள்ளைத் துண்டு அதுக்குதான் எட்டிச்சு. ஏ பெருசு, அதுக்குப் பச்சையப் போட்டேன். மேல சீட்டுல ஏ, டின்னு கரெக்டா எழுதித்தான் வெச்சேன் சார். யாரு சீட்டப் பாக்குறீங்கோ?"

"வெள்ளை நூல் எப்படித் தீரும்? ஸ்டாக் இருந்துச்சே!" என்றார் அசரியா.

"இருந்துச்சு சார். போன வாரம் 'சிறந்த கல்வி விஞ்ஞானி'ன்னு உங்களுக்குப் பாராட்டு விழா வெச்சாங்கல்ல, உங்க பன்னண்டு அடி கட்-அவுட்டு காத்துல ஆடிக்கினு இருந்துச்சு. நீங்கதான் சார் கீழ வுழாம இறுக்கிக் கட்டுன்னீங்கோ. ரெண்டு கண்டு பூட்ச்சு."

அசரியா ஜன்னல் வழியே கட்-அவுட்டைப் பார்த்தார். பிறகு ஒரு விஞ்ஞானிக்குரிய முடிவுக்கு வந்தார்.

"சிம்பிள். இது நூல் மிஸ்டேக். சரியான நூலைக் கட்டித் தர்றோம், மறுபடி திருத்திடுங்க."

ஜெபராஜ் இரண்டு கட்டுகளையும் ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பச்சை நூலை அவிழ்த்து 9041-ஐ எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார். முதல் கணக்கிலேயே கை தானாக நகர்ந்து, விட்டுப்போன படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது. இரண்டைக் கழித்தார். அடுத்ததில் ஒன்று. நாலு கணக்கு தாண்டுவதற்குள் ஏழு மதிப்பெண் போய்விட்டது. இந்தப் போக்கில் போனால் எழுபத்தைந்துக்குக் கீழே எங்கேயோ போய் நிற்கும்.

அதே தாளில், அதே சிவப்பு மையில், முந்தின நாள் அவரே போட்ட 'அருமை!' இருந்தது.

எழுந்து அலமாரியைத் திறந்து அரையாண்டுத் தேர்வுத் தாள்களைக் கிளறினார். அஸ்மிதாவுடையதை எடுத்தார். நாற்பத்தேழு போட்டிருந்தார். வேறொரு தாளில், எந்த நூலும் இல்லாமல், மெல்ல மறுபடி திருத்திக் கூட்டிப் பார்த்தார். எண்பத்திரண்டு வந்தது. இன்னொரு முறை கூட்டினார். எண்பத்திரண்டுதான். இருபது வருடமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கழித்தல் சந்தேகம் வந்தது அன்றுதான். முப்பத்தைந்து மதிப்பெண். அது எங்கே போயிற்று? ஒரு சாண் பச்சை நூலுக்குள் போயிருந்தது.

அன்று அவர் எதையும் திருத்தவில்லை. கழித்த ஏழையும் அடித்துவிட்டு, கட்டுகளைக் கட்டாமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அசரியாவின் அறைக்கு அவர் போனபோது அங்கே ஏற்கனவே சத்தமாக இருந்தது. நிகிலின் முப்பத்தாறு எப்படியோ வீட்டுக்குப் போய்விட்டது. சூர்யநாராயணன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"என் பையன் தேர்ட்டி சிக்ஸா? ஹோம்வொர்க் நோட்டைப் பாருங்க சார், பக்கத்துக்குப் பக்கம் 'மிக நன்று'! யாரு கையெழுத்து இது? இவரோடதுதானே?"

"நூல்ல ஒரு டெக்னிக்கல் இஷ்யூ சார்," என்றார் அசரியா. "ஜெபராஜ், மறுபடி திருத்திட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"நான் திருத்தல சார். இத்தனை வருஷமா நூல்தான் திருத்துது. நான் கூட்டல் மட்டும்தான் போட்டுக்கிட்டிருக்கேன்." கட்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "எல்லாத் தாளையும் அவுத்து ஒண்ணாக் கலந்துடலாம். பி, சி பிரிவு தாளையும் சேர்த்து. முதல் பக்கத்தை மடிச்சுப் பின் அடிச்சுடலாம். ஒருத்தர் ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தாள்லயும் திருத்தட்டும். நான் திருத்த வேணாம், கணக்கு டிபார்ட்மென்ட்ல மத்த மூணு பேரும் திருத்தட்டும்."

அசரியா வாயைத் திறந்தார். பதினோரு வருட விஞ்ஞானம் அதற்குள் தயாராக இருந்தது. ஆனால் சூர்யநாராயணன் முந்திக்கொண்டார்.

"கரெக்ட்! அதான் வேணும். இண்டிபெண்டன்ட் வேல்யுவேஷன். என் பையன் தொண்ணூறுக்குக் கீழ வந்தா என்னன்னு கேளுங்க!"

கழகத் தலைவரே கேட்டபிறகு மறுக்க முடியுமா? அசரியா தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. ஏ பிரிவுக்கு அறுபத்தாறு, டி பிரிவுக்கு ஐம்பத்திரண்டு. நாற்பது பக்கக் கையேட்டை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு எடுப்பது எத்தனை பெரிய காரியம் என்று ஜெபராஜுக்கு மட்டும் தெரிந்தது. நிகிலுக்கு நாற்பத்தொன்பது. அஸ்மிதாவுக்குத் தொண்ணூற்று மூன்று. ஒடிசாத் தச்சரின் மகன் தீபக், இத்தனை நாள் யாரும் கவனிக்காமலே இருந்தவன், சரியாக எழுபத்தாறு.

ஆனால் அசரியா சுலபத்தில் விடுகிறவர் அல்ல. "டி-க்கு முக்கோணவியல் எடுக்கவே இல்லையே? எடுக்காத பாடத்துல எப்படி மார்க் வரும்? காப்பி! அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. ஃபாதரையும் வரச் சொல்லுங்க."

பிரேம் தாமாங் பணி உடுப்போடு, விசிலைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தார். அறையில் சூர்யநாராயணனையும் நிகிலையும் பார்த்ததும் அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. சூர்யநாராயணன் வசிப்பது அவர் காவல் காக்கிற குடியிருப்பில். அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவரேதான். தினமும் கேட்டைத் திறந்துவிட்டுப் போடுகிற வணக்கம் அது.

"பொண்ணு எதுனா தப்பு பண்ணிச்சா சார்?" என்று வாசலிலேயே கேட்டார்.

"அதைத்தான் பாக்கப் போறோம்," என்ற அசரியா, சாக்பீஸை அஸ்மிதாவிடம் நீட்டிப் புத்தகத்தின் கடைசிப் பாடத்திலிருந்து ஒரு கணக்கைக் காட்டினார். "போடு பாக்கலாம்."

அவள் போட்டாள். நின்று யோசிக்கக்கூட இல்லை. ஆறே வரி. கடைசியில் விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டு, சின்னக் கட்டம் கட்டி, ஒரு டிக் அடித்தாள்.

ஜெபராஜ் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். சூர்யநாராயணனின் கையிலிருந்த வீட்டுப்பாட நோட்டைப் பார்த்தார். பிறகு நிகிலைப் பார்த்தார். நிகில் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் அசரியா.

"தெரியும் சார்."

"தெரியும்னா எப்படித் தெரியும்?"

அஸ்மிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சூர்யநாராயணனைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் செயலாளர் வீட்டுப் பிள்ளை மாட்டுவான். அப்பா வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. சொல்லாவிட்டால் காப்பி. அவள் சாக்பீஸை இரண்டாக உடைத்தாள்.

"தானா வந்துச்சு சார்."

அசரியா வெற்றியோடு நாற்காலியில் சாய்ந்தார். ஜெபராஜ் பேச வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து நிகிலின் குரல் வந்தது.

"ப்பா. என் ஹோம்வொர்க் எல்லாம் இவதான் போடுவா."

"என்னடா சொல்ற?"

"டெய்லி ஈவினிங் செக்யூரிட்டி ரூம்ல உக்காந்து போடுவா. நான் பாத்து எழுதிடுவேன். புக்கு அவகிட்டயே இருக்கும். அவளுக்கு அந்தப் பாடமெல்லாம் எடுக்கறதில்லன்னு புக்கு கேட்டா, குடுத்தேன். அந்தக் கட்டம்கூட ஏன்னு தெரியாமதான்ப்பா போட்டுக்கிட்டு இருந்தேன். அழகா இருந்துச்சு." சொல்லி முடித்ததும் ஒரு வருடமாகத் தோளில் தூக்கி நடந்த மூட்டையை இறக்கிவைத்தவன் போல அவன் மூச்சு விட்டான். "நாப்பத்தொம்பது நானே எழுதினதுப்பா. பாஸ்தானே?"

சூர்யநாராயணன் நோட்டைத் திறந்தார். ஒரு 'மிக நன்று', இன்னொரு 'மிக நன்று'. மூடினார். நின்றுகொண்டே இருந்தவர் இப்போது உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார் பிரேம், யாரிடம் என்று தெரியாமல் பொதுவாக.

"நீங்க எதுக்குங்க மன்னிப்பு கேக்கறீங்க?" என்றார் சூர்யநாராயணன். குரல் இறங்கியிருந்தது. "ஒரு வருஷமா எங்க பையன் படிக்கறான்னு நெனச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். படிச்சது கேட்டுக்குப் பக்கத்துல."

இனி அசரியாவின் முறை. பதினோரு வருட விஞ்ஞானம் ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அதைத் தாவிப் பிடிக்க ஒரு மகா மனிதரால்தான் முடியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், புன்னகைத்தார்.

"இதுதான் பியர் லேர்னிங்! ஏ பிரிவும் டி பிரிவும் ஒருத்தருக்கொருத்தர் கத்துக்கறது. இந்தத் திட்டத்தைத்தான் நான் சத்தமில்லாம டெவலப் பண்ணிட்டு வந்தேன். ரிசல்ட்டைப் பாத்தீங்களா? தொண்ணூத்தி மூணு!"

ஜான்சிக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஜெபராஜுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அசரியா ஏற்கனவே பேனாவை எடுத்து, பத்தாம் வகுப்பு ஏ பிரிவுப் பட்டியலின் அடியில் அஸ்மிதா, தீபக் என்று இரண்டு பெயர்களைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். தாமாங் என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டும் எழுதினார். எழுதி முடிக்கும்வரை ஜெபராஜ் மூச்சுவிடாமல் நின்றார். கையெழுத்து விழுந்தது, முத்திரையும் விழுந்தது. "உங்க திட்டம்னா அந்தக் கையேட்டையும் நிறுத்திடலாமே சார், எல்லாருக்கும் முழுப் புத்தகம் குடுத்துடலாம்," என்றார், ரொம்ப மரியாதையாக.

அசரியா மாட்டிக்கொண்டார். "நேச்சுரலி," என்றார்.

வராந்தாவில் பிரேம் தாமாங் தன் விசிலைக் கையில் உருட்டியபடி நின்றார். "பாஸா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாஸுக்கும் மேலங்க. ஏ செக்ஷன்."

அவர் நெற்றிக்குக் கொண்டுபோன கையை ஜெபராஜ் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்கிற தைரியம் அவருக்கு இல்லை. அரையாண்டுத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அஸ்மிதாவிடம் கொடுத்தார். நாற்பத்தேழு அடிக்கப்பட்டு, எண்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இன்னா சார், இப்பதான் கூட்டினீங்களா?"

"லேட்டாயிடுச்சும்மா. தப்பு என்மேல."

அவள் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

மே மாதம் முதல் திங்கட்கிழமை, கத்திரி வெயிலில் பத்தாம் வகுப்பு சிறப்பு வகுப்பு ஆரம்பித்தது. வாசலில் கட்-அவுட் இன்னும் நின்றுகொண்டிருந்தது, வெள்ளை நூல் இறுக்கத்தில் ஒரு காது கொஞ்சம் மடங்கியிருந்தது. ஜெபராஜ் ஏ பிரிவில் பெயர் வாசித்தார். பட்டியலின் கடைசியில், அசரியாவின் கையெழுத்தில் இருந்த இரண்டு பெயர்களில் அஸ்மிதாவின் பெயரை வாசித்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து "யெஸ் சார்" என்று பதில் வந்தது. பக்கத்து பெஞ்சில் நிகில் புது நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் தானாகவே ஒரு கட்டம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்து ஜெபராஜ் வீட்டுப்பாடம் போட்டார். பத்துக் கணக்கு. அஸ்மிதா கையைத் தூக்கினாள்.

"என்னம்மா, ஜாஸ்தியா?"

"இல்ல சார்," என்றாள் அவள், நிம்மதியாகப் பெஞ்சில் சாய்ந்துகொண்டு. "இனிமே ஒரு நோட்டு எழுதினா போதும்ல?"